மே மாதத்து ஆறு புள்ளிகள்

ஏப்ரல் 21, திங்கள்

மிக்ஸி இன்னும் ரிப்பேர் கடையிலேயே கிடக்கிறது. அம்மியில் தேங்காய் அரைத்து வைத்துவிட்டு ஓடியதில் பஸ்ஸை விட்டேன். இருபத்தாறு வருட வேலையில் இது மூன்றாவது தாமதம். உன்னை யார் கேட்கப் போகிறார்கள் என்கிறார் ஜெரால்டு. ரிட்டயர் ஆன புருஷனுக்கு எல்லாமே லேசுதான்.

லேபில் புது இன்ஜினியர் காத்திருந்தார். பெயர் வேல்மயில், சாத்தூர்க்காரர். முப்பது வயதுகூட இருக்காது. ஒன்றிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. கப்பலில் வரும் திரவ கேஸை இறக்கி, புல்லட்டுகளில் நிரப்பி, லாரிகளில் அனுப்புவதுதான் நம் கிடங்கின் வேலை. புல்லட் என்றால் படுத்திருக்கும் நீண்ட இரும்புத் தொட்டி. மொத்தம் ஐந்து. மூன்றாம் நம்பரில் மட்டும் உள்ளே எவ்வளவு உயரம் கேஸ் நிற்கிறது என்று காட்டும் மிதவை பிப்ரவரியிலிருந்து சிக்கிக் கிடக்கிறது. பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வரும் வரை என் கணக்குதான் கண்.

அது எப்படி என்று கேட்டார். சூடு ஏற ஏறத் திரவம் உப்பும், எடை அதேதான், பிடிக்கும் இடம் கூடும். எந்தச் சூட்டில் என்ன அடர்த்தி என்று தெரிந்தால், பதிவேட்டில் கப்பலில் வந்ததிலிருந்து லாரியில் போனதைக் கழித்தால் கிடைக்கும் டன்னை வைத்துத் தொட்டி எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். வெப்பநிலையைக் கொடுத்தால் அடர்த்தியைக் கணித்துச் சொல்லும் சமன்பாடு புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அதில் வரும் மாறிலியை நம் சரக்குக்கு நாமே அளந்துதான் பிடிக்க வேண்டும். பிடித்தது நான். ஒன்பது வருடத்துக்கு முன், வருடம் முழுக்க, மாதம் ஆறு மாதிரி எடுத்து.

கண்ட்ரோல் ரூம் சுவரில் லேமினேட் செய்து மாட்டியிருக்கும் என் வரைபடத்தையும் காட்டினேன். கறுப்புக் கோடு சமன்பாடு, சிவப்புப் புள்ளிகள் அளந்தவை. எழுபத்திரண்டு புள்ளிகள். வேல்மயில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

மானேஜர் சந்தானராஜ் கூட்டம் போட்டார். மே எட்டாம் தேதி பெரிய கப்பல் வருகிறது, அத்தனை சரக்குக்கும் இடம் போதாது. மூன்றாம் நம்பரில் எண்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது வழக்கம். இந்த ஒரு தடவை தொண்ணூற்று இரண்டு வரை போகலாம் என்கிறார். காரணம் என் வரைபடம். "ஹெலன் மேடம் கோடு மூணாவது தசமம் வரைக்கும் பேசும். அப்புறம் எதுக்கு நம்ம பதினஞ்சு சதவீதம் சும்மா காத்த அடைச்சு வச்சிருக்கணும்?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தலையாட்டினேன். கையெழுத்தும் போட்டேன். சமோசா நமத்துப் போயிருந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

மிக்ஸி வந்துவிட்டது. சத்தம் மட்டும் புதிது.

மே 2, வெள்ளி

வேல்மயிலுக்கு வேறு வேலை இல்லை போலும். என் பழைய அறிக்கையைத் தோண்டி எடுத்து, எண்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, படம் போட்டுக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. எல்லா மாசமும் புள்ளி கோட்டுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சிதறிக் கெடக்கு. அளந்தா அப்படித்தான இருக்கும். மே மாசம் ஆறு புள்ளி மட்டும் கோட்டு மேலயே உக்காந்திருக்கு. ஒண்ணுகூட நகரல."

மே மாதம் வரும்போது கை பழகியிருக்கும் என்றேன். ஜூனில் தொடங்கி மே மாதம் முடித்தது, பதினொரு மாதப் பழக்கம். அவர் சரி மேடம் என்றார். சரி என்ற அந்தத் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. நேற்று வந்தவர் நான் எப்படி அளந்தேன் என்று கேட்பதா? அந்தக் காலத்தில் இந்த லேபில் மின்விசிறிகூடக் கிடையாது. டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டேன்.

மே மாதத்து எண்களில் ஒரு குறையும் இல்லை.

மே 4, ஞாயிறு

கத்திரி பிறந்தது. பூசை முடிந்து வரும்போதே தலை காய்ந்துவிட்டது. ஜெரால்டு சீலா மீன் வாங்கி வந்திருந்தார்.

மத்தியானம் இசக்கியப்பன் நுங்கு கொண்டுவந்தான். புல்லட் யார்டில் ஆபரேட்டர், என்னைவிட எட்டு வயது சின்னவன். வருடா வருடம் கத்திரி பிறக்கும் அன்று ஒரு குலை நுங்கோடு வந்துவிடுவான். ஒன்பது வருடமாக இதே வழக்கம். வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டான். "அன்னைக்கு நீங்க எறங்கச் சொல்லலன்னா நான் இன்னைக்கு ஏது மேடம்" என்று அதே பேச்சையும் பேசுவான். அந்த வருடம் மாதிரி எடுப்பதற்காக ஏணியில் ஏறியவன் பாதியில் மயங்கிக் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். இறங்கச் சொன்னேன், அவ்வளவுதான். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவனும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நுங்கு நல்ல இளசு.

மே 7, புதன்

மூன்றாம் நம்பரின் மேற்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்ட் உரிந்து துரு தெரிகிறது. சாயங்கால வெயில் முழுவதையும் அந்தப் பக்கம்தான் குடிக்கிறது. உள்ளே நாற்பத்தொரு டிகிரி. பெயிண்டரை வரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கப்பல் போன பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது.

மே 9, வெள்ளி

கப்பல் இறக்கி முடிந்தது. மூன்றாம் நம்பர் என் கணக்குப்படி தொண்ணூற்று இரண்டு. சந்தானராஜ் எல்லோருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். நான் என் பங்கை வேல்மயிலிடம் தள்ளிவிட்டேன். அவரும் சாப்பிடவில்லை. நாற்பத்து நான்கு டிகிரி.

மே 10, சனி

இன்று நானே ஏறினேன்.

ஏன் ஏறினாய் என்று ஜெரால்டு கேட்டார், முட்டி வீங்கியதைப் பார்த்துவிட்டு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடியே திட்டினார். லேபுக்கு ஒரு மாதிரி தேவைப்பட்டது என்றேன். அது பொய் இல்லை.

இசக்கி எவ்வளவோ சொன்னான். மேடம் நான் எடுத்துட்டு வாறேன், நீங்க நிழல்ல நில்லுங்க என்றான். நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஏறினோம். கம்பி கையைச் சுட்டது. அழுத்தம் தாங்கும் கண்ணாடிக் குழாயில் கேஸைப் பிடித்து, அதற்குள் மிதக்கும் அடர்த்திமானி நிற்கும் இடத்தைப் படித்தேன். நாற்பத்தாறு டிகிரி. சமன்பாடு சொல்வது 0.498. அடர்த்திமானி காட்டியது 0.471.

குழாயைக் காலி செய்து மறுபடி பிடித்தேன். 0.471. மூன்றாம் தடவை 0.470.

அங்கேயே உள்ளங்கையில் பேனாவால் போட்டுப் பார்த்தேன். தொண்ணூற்று இரண்டு இல்லை. தொண்ணூற்றேழுக்கு மேல். இன்னும் ஐந்தாறு டிகிரி ஏறினால் உள்ளே ஒரு சொட்டுக்கும் இடம் இருக்காது. இடம் இல்லாத திரவம் இரும்பைத்தான் தள்ளும்.

"எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டான் இசக்கி.

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

இதை எழுதிவிடுகிறேன். வேறெங்கும் எழுதியதில்லை. அந்த வருட மே மாதம் இசக்கி இறங்கிய பிறகு மாதிரியே எடுக்கவில்லை. இந்த மாதம் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனிடம் சொன்னேன். பார்த்துக்கொண்டேன். பதினொரு மாத எண்களை வைத்துப் பிடித்த மாறிலியைச் சமன்பாட்டில் போட்டு, மே மாதத்து வெப்பநிலைகளைக் கொடுத்து, வந்த ஆறு விடைகளையும் அளந்த எண்களுக்கான கட்டத்தில் எழுதினேன். அப்புறம், கடுங்கோடையிலும் சமன்பாடும் அளவும் எவ்வளவு அழகாக ஒத்துப்போகின்றன என்று அறிக்கை எழுதினேன். கடைசித் தசமத்தைக் கொஞ்சம் அப்படி இப்படி மாற்றி வைக்கக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு சோம்பல். கை தட்டினார்கள். லேமினேட் செய்தார்கள்.

அது இரக்கம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லி வந்தேன். இறங்கச் சொன்னது இரக்கம்தான். எழுதியது என்ன?

திங்கட்கிழமை சரிசெய்துவிடுவேன். வழி இருக்கிறது. இப்போது வரும் சரக்கு அந்தக் காலத்துச் சரக்கைவிட லேசானது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரக்கு மாறிவிட்டது, அதனால் மாறிலியைத் திருத்துகிறேன் என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். மே மாதத்தை யாரும் தொட வேண்டியதில்லை. சரக்கு அனுப்பியவர்களின் பகுப்பாய்வுச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் யாரும் மறுகேள்வி கேட்க முடியாது.

மே 12, திங்கள்

சான்றிதழ் கேட்டு மெயில் போட்டேன். இரண்டு நாளில் அனுப்புவதாகப் பதில். இரண்டு நாள்தானே.

சந்தானராஜிடம் போய், ஒரு பாதுகாப்புக்காக மூன்றாம் நம்பரிலிருந்து கொஞ்சம் நாலாம் நம்பருக்கு மாற்றலாமே என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். நாலாம் நம்பரை வேறு சரக்குக்காகக் காலியாக வைத்திருக்கிறார், கலக்க மனசில்லை. வியாழக்கிழமை லாரிகள் வந்ததும் தானாகக் குறையும் என்றார். அப்புறம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஏன் மேடம், கணக்குல எதுவும் சந்தேகமா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? அரை நொடி. ஆமாம் என்பதற்கும் அவ்வளவுதான்.

வெளியே வந்ததும், சனிக்கிழமை எடுத்த மாதிரி என்ன காட்டியது மேடம் என்று வேல்மயில் கேட்டார். சான்றிதழ் வந்ததும் சேர்த்துப் பேசலாம் என்றேன். நாற்பத்தெட்டு டிகிரி.

மே 13, செவ்வாய்

காலையில் சான்றிதழ் வரவில்லை. பதினொரு மணிக்கும் வரவில்லை. இரண்டு மணிக்குச் சரக்குக்காரர்களுக்குப் போன் போட்டேன், சாப்பாட்டு நேரம் என்றார்கள்.

மூன்று பத்துக்குச் சைரன்.

மே 15, வியாழன்

நேற்று எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, உள்ளே ஐம்பத்திரண்டு டிகிரியில், மூன்றாம் நம்பரின் அழுத்த முள் ஏற ஆரம்பித்தது. வழக்கம்போல மெல்ல ஏறவில்லை, பிடித்துத் தள்ளினதுபோல ஏறியது. கண்ட்ரோல் ரூமிலிருந்து நாலாம் நம்பருக்குப் போகும் வால்வைத் திறக்கப் பார்த்தார்கள், திறக்கவில்லை. கையால் திறக்க இசக்கி ஓடினான். அவன் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தபோது பக்கத்து இணைப்பில் வாஷர் கிழிந்து திரவ கேஸ் பீச்சி அடித்தது. வெளியே வந்ததும் அது பனியைவிடக் குளிர்ந்துவிடும். அவனுடைய வலது கை மேலேயே அடித்திருக்கிறது. அவன் கையை எடுக்கவில்லை. வால்வு முழுதும் திறந்த பிறகுதான் எடுத்தான்.

கடல் காற்று கேஸை அடித்துக்கொண்டு போயிற்று. ஒரு பொறி பட்டிருந்தால் எங்களில் யாரும் இல்லை. நாற்பத்திரண்டு பேர் அன்று டியூட்டியில்.

அவனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது பார்த்தேன். கை வெள்ளையாக, மெழுகால் செய்ததுபோல இருந்தது.

சான்றிதழ் நேற்று வந்தது. சரக்கு அப்படியொன்றும் லேசாகிவிடவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் இருந்ததேதான். நான் அளக்காத மே மாதச் சூட்டில் என் கோடு அன்றே தப்பாகத்தான் இருந்திருக்கிறது. சரக்கின் மேல் பழி போடக்கூட எனக்கு வழியில்லை.

மே 16, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது கையில் கட்டைவிரலைத் தவிர நாலு விரலையும் எடுத்துவிட்டார்கள். அவன் மனைவி பேச்சியம்மாள் எனக்கு ஸ்டூல் போட்டு, ஃப்ளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். நான் குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

இசக்கிக்கு வலியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. காலையில் தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்து கேள்வி கேட்டிருக்கிறார்கள். கணக்கில் தொண்ணூற்று இரண்டு, தொட்டி எப்படி நிரம்பியது, வெளியே போன லாரிகளை யார் எழுதியது என்று.

"மேடம் கணக்கு தப்பாது. நாந்தான் போகாத லாரிய போனதா எழுதிட்டேன் போல. எந்த லாரின்னுதான் ஞாபகத்துக்கு வரமாட்டேங்கு. படுத்துக்கிட்டு ஒவ்வொண்ணா நினைச்சுப் பாக்கேன்."

அப்படியெல்லாம் யோசிக்காதே, தூங்கு என்றேன். "இல்ல மேடம், நடக்காதத நடந்ததா எழுதுறது பெரிய தப்புல்லா" என்றான். என்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. அவனுக்கு அது தெரியாது. வெள்ளந்தியாகத்தான் சொன்னான்.

வாய் வரை வந்தது. பேச்சியம்மாள் எதிரில் நின்றாள். காப்பி டம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 17, சனி

சமைக்கவில்லை. ஜெரால்டு பரோட்டா வாங்கி வந்தார். பாதி தின்றதும் தட்டைத் தள்ளிவிட்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இசக்கிக்கு எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் கேட்டார். இரண்டு என்றேன்.

மே 19, திங்கள்

விசாரணைக் குழுவில் மூன்று பேர். அறிக்கையின் வரைவைப் படித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். கடுங்கோடையிலும் சமன்பாட்டின் கணிப்பு அளந்த மதிப்புகளோடு மூன்றாம் தசமம் வரை ஒத்துப்போவது பழைய பதிவுகளால் உறுதியாகிறது, ஆகவே தவறு கணிப்பில் இல்லை, ஆபரேட்டரின் பதிவில்தான் என்று இருக்கிறது. ஆபரேட்டர் இசக்கியப்பனின் பெயர் நாலு இடத்தில் வருகிறது. அவனை வேலையிலிருந்து எடுப்பதற்குப் பரிந்துரையும் இருக்கிறது. என் பெயர் ஒரே இடத்தில், பாராட்டோடு.

நாளை காலை பத்து மணிக்கு நான் அந்தப் பழைய அளவு நோட்டைக் கொண்டுவந்து காட்டி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் என் வேலை என்றார்கள். சந்தானராஜ் தோளைத் தட்டி, நல்லவேளை உங்க கோடு இருந்துது மேடம் என்றார்.

படிக்கட்டில் வேல்மயில் நின்றிருந்தார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"மேடம், நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நான் படியிறங்கினேன். அவர் பின்னாலேயே வரவில்லை.

நோட்டு என் பீரோவில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. லேபில் இருக்க வேண்டியது ஒன்பது வருடமாக வீட்டில் இருக்கிறது. ஏன் கொண்டுவந்தேன் என்று யாரும் கேட்டதில்லை. அடுப்பில் போட்டால் ஐந்து நிமிடத்தில் எரிந்துவிடும். கரையான் அரித்துவிட்டது என்றால் நம்புவார்கள், அறிக்கைதான் அச்சில் இருக்கிறதே. அதையும் நினைத்தேன். நினைத்ததை மறைத்து இனி என்ன ஆகப் போகிறது.

மே 20, செவ்வாய்

காலை ஆறரை. இட்லிக்கு ஊற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நோட்டில் மே மாதத்துப் பக்கத்தைத் திறந்தேன். என் கையெழுத்து அப்போது அழகாக இருந்திருக்கிறது. ஆறு எண்களையும் சிவப்புப் பேனாவால் அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே மாதிரி எடுக்கவில்லை, அளக்கவில்லை என்று எழுதினேன். ஒரே தடவை எழுதி அடைப்புக்குறி போட்டிருக்கலாம். ஆறு தடவையும் எழுதினேன். அடியில் பத்தாம் தேதி நான் அளந்த மூன்று எண்களையும், அன்றே அவற்றைச் சொல்லாமல் விட்டேன் என்பதையும் எழுதி, பெயர் போட்டு, இன்றைய தேதி இட்டேன். ஹெலன் மோத்தா, தலைமை வேதியியலாளர். பதவியை எழுதும்போது கை நின்றது. ஆனாலும் எழுதினேன், அந்தப் பதவியில் இருந்துதான் செய்தேன்.

ஜெரால்டு கூட வருகிறேன் என்றார். வேண்டாம், இட்லியை இறக்கிவிடுங்கள் என்றேன்.

விசாரணை பத்து மணிக்கு. அதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இசக்கி இன்னும் அந்த லாரியைத் தேடிக்கொண்டிருப்பான்.